இருநூற்று நாற்பது கால்கள்

முப்பது ஸ்வெட்டர்.
மொந்தெவிதேயோ துறைமுகத்தில் கப்பலுக்கு முன்னே போய்
வழிகாட்டும் படகுக்காரர்களுக்கு.
மார்பில் நங்கூரம், முதுகில் கயிற்றுப் பின்னல்.
ஜூன் குளிர் இறங்குமுன் கொடுத்தாக வேண்டும்.
நங்கூரத்தின் பாதியில்
கணினி உறைந்துபோகிறது.

புதிதாக ஒன்று வாங்கித் தொலையேன், என்கிறாள் நிபியா.
வாங்கலாம்.
ஆனால் என் பின்னல் இயந்திரம் பேசுவது
இருபத்தைந்து துளையுள்ள அந்த அகல வாயோடு மட்டும்.
புதுக் கணினிகளின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டேன்.
வழவழவென்று இருக்கிறது, வாயே இல்லை.

ஆக, நினைவகத்தைக் கூட்டுவதென்று முடிவாயிற்று.
நினைவகம்!
பெயர் வைத்தவர் கையில் கிடைத்தால் கேட்பேன்:
மின்சாரம் போன நொடியில் எல்லாவற்றையும் உதறுகிற பொருளுக்கு
இதுவா பெயர்?
மேசை என்று வைத்திருக்கலாம்.
விரித்துப் போட ஓர் இடம், அவ்வளவுதானே.
ஒரு ஜிபி மேசையில்
நான் ஒரு நங்கூரத்தை விரிக்கப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தை.
கிளிக்கூண்டு, கதவுப்பிடி, யாரோ ஒருவரின் பல்செட்,
அதற்கப்பால் எல்பியோ.
முட்டை அட்டைகளில் வரிசையாகப் பச்சைப் பட்டைகள்.
நீளம் பார்த்தேன், சரி. விலை பார்த்தேன், சரி.
வீட்டில் கண்ணாடி மாட்டிக்கொண்டு எண்ணினேன்:
இருநூற்று நாற்பது பொன்னிறக் கால்கள்.
பழையதற்கும் இருநூற்று நாற்பது.
ஆனால் நடுவிலிருக்கும் வெட்டு
ஒரு நகக்கண் அளவு தள்ளி.
அழுத்தாதே, என்றது கை.
ஊசிகளை வளைத்துப் பட்ட கை அது.

அடுத்த ஞாயிறு வேறொன்று.
வெட்டு பொருந்தியது, காதுகள் இரண்டும்
டக்கென்று மடங்கிப் பிடித்துக்கொண்டன.
பொத்தானை அழுத்தினால்
திரை கறுப்பு, நீளமாய் மூன்று கூவல்.
சர்வருக்குப் பிறந்தது, வீட்டு மேசையில் வாய் திறக்காதாம்.
பொருந்துகிறது, பேசவில்லை, என்றேன்.
என் முதல் கல்யாணத்தைப் பற்றி நிபியா ஏதோ தொடங்கினாள்.
மத்தேக் குடுவையை அவள் கையில் திணித்தேன்.

மூன்றாம் ஞாயிறு
பழைய பட்டையையே கழற்றிக் கொண்டுபோனேன்,
நூல் வாங்கப் போகிறவள் நூல்துண்டு கொண்டுபோவதைப் போல.
இதை முதலிலேயே செய்திருக்கலாமே, என்றார் எல்பியோ.
செய்திருக்கலாம்தான்.
தாய்ப்பலகையின் பெயர் கேட்டார். போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன்.
நாலு ஜிபிக்கு மேல் அது தாங்காது,
இரண்டும் இரண்டுமாய்ப் போடு,
மஞ்சள் குழி இரண்டில், கறுப்பில் போடாதே.
எண்ணூறையும் அறுநூற்று அறுபத்தேழையும் சேர்த்தால்?
வேகமானது மெதுவானதற்காக நடக்கும், என்றார்,
சண்டை வராது, லாபமும் இல்லை.

எனக்கு அது சரிப்படவில்லை.
ஒரே நீலம் என்று சொல்லித்தான் விற்பார்கள்,
பின்னி முடித்தபின் தோளில் தெரியும்
இரண்டு கொப்பரைச் சாயம்.
முட்டை அட்டை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து
ஒட்டுச்சீட்டின் பொடி எழுத்துகளைப் படித்தேன்.
பின்னால் ஒருவர் இருமினார், இன்னொருவர் போயே போனார்.
கிடைத்தது.
மூடிய வங்கிக் கிளை ஒன்றின் இரண்டு பட்டைகள்,
ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே வாரம்.
நானூற்றைம்பது பெசோ,
கூடவே எல்பியோவின் பனிக்கால்களுக்கு ஒரு ஜோடி உறை.

கால்களை ரப்பரால் துடைத்தேன்.
தூசி ஊதினேன்.
ஒரே ஒரு கூவல், குட்டையாய்.
திரையில் எழுத்து:
மூன்றேகால்.
நாலு வாங்கினேனே! முக்கால் எங்கே?
போனில் எல்பியோ ஏதோ மென்றுகொண்டிருந்தார்:
உன் விண்டோஸ் முப்பத்திரண்டு பிட், சென்யோரா,
அதற்குமேல் எண்ணத் தெரியாது.
கம்பளியும் முதல் சலவையில் சுருங்கத்தான் செய்கிறது,
நான் சொல்லித்தானா விற்கிறேன்?
போனை வைத்தேன்.

நங்கூரம் இறங்கியது. கொழு, தண்டு, வளையம்,
நிற்காமல், ஒரே மூச்சில்.
நிபியா கைதட்டவில்லை, எழுந்து வந்து பார்த்தாள்.

வெட்டு பொருந்தாத அந்த முதல் பட்டையை
எல்பியோ திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.
பத்து சென்டிமீட்டரில் நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டேன்.
துணிமேல் வைத்துக் கண்ணி எண்ணுகிறேன்.
இருபத்தெட்டு.
கை கொஞ்சம் இறுக்கம்.